இணையத்து லயங்களும் பெயரேடும்

தோட்டத்தில் பிறந்தவர்க்குச் செக்ரோல் இன்னதென்று சொல்ல வேண்டுவதில்லை. விடியற்காலைப் பெரட்டில் கிராணியார் பெயர் படிப்பார். ஏட்டில் பெயர் உள்ளவர்க்கே வேலை உண்டு. லயத்தில் வீடும் உண்டு. பெயர் அடிபட்டால் வீடும் போயிற்று. சுங்கை புரோங் சூழ்ந்த வட சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் கண்ட இம்முறையே இணையத்திலும் நடைபெறுகின்றது. அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

கணக்கும் வீடும்

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969-இல் ‘யூனிக்ஸ்’ என்னும் இயக்கமுறை தோன்றியது. ஒரே கணினியைப் பலரும் பயன்படுத்துவதற்கு அமைந்தது அது. ஆகவே பயனர் பெயர்கள் யாவும் ஓர் ஏட்டில் குறிக்கப்பெற்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண்ணும், கோப்புகளை வைத்துக்கொள்ள ஒரு கோப்பகமும் உரியனவாயின. அக்கோப்பகத்திற்கு ‘வீடு’ என்றே பெயர். உடையவர், அவர் குழுவினர், பிறர் ஆகிய மூவர்க்கும் தனித்தனியே உரிமைகள் வகுக்கப்பெற்றன.

1990-களில் இணையப் பக்கங்கள் பெருகின. பல்கலைக்கழகங்கள் பல, இவ்வீட்டுக்குள்ளேயே யாவரும் பார்க்கத்தக்க ஓர் அறையை ஒதுக்கின. முகவரியில் அலைக்குறியும் அதனை அடுத்துப் பயனர் பெயரும் இருப்பின், அஃது அத்தகைய வீடு என்று அறியலாம். படிப்பு முடிந்து கணக்கு நீக்கப்பெற்றால் பக்கமும் உடன் மறையும். பொதுமக்களுக்கென 1986-இல் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிய இலவச வலையும் 1999-இல் மூடப்பட்டது.

ஏதென்சில் ஒரு தமிழ் மனை

1994-இல் தோன்றிய ஜியோசிட்டீஸ் நிறுவனம், பக்கங்களைப் பேட்டைகளாகப் பிரித்து வீட்டெண் வழங்கிற்று. கல்வியும் இலக்கியமும் பற்றியவை ‘ஏதென்சு’ப் பேட்டையைச் சேர்ந்தன. சுவிட்சர்லாந்திலிருந்து அறிஞர் கல்யாணசுந்தரம் அமைத்த தமிழ் மின்னூலகம் அங்கே 5180-ஆம் எண் மனையில் இருந்தது. 1999-இல் ஜியோசிட்டீசை யாகூ நிறுவனம் வாங்கிற்று. 2009 அக்டோபர் 26-இல் மூடிவிட்டது. தன்னார்வலர் சிலர் இயன்ற அளவு படியெடுத்துக் காத்தனர், எஞ்சியவை அழிந்தன.

அவரே 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமோ இன்றும் வாழ்கின்றது. அன்பர்கள் பல நாடுகளிலிருந்து தட்டச்சு செய்த நூல்களை யாவரும் படியெடுத்துக்கொள்ள அத்திட்டம் இசைந்தது. இருப்பிடம் மாறியது, எழுத்துக் குறிமுறையும் ஒருங்குறிக்கு மாறியது, நூல்கள் மாளவில்லை. ஒரு வீட்டை நம்பியது அழியும், பல வீடுகளில் படி உள்ளது நிலைக்கும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

நாம் செய்யத்தக்கது

யான் பணியாற்றிய ஒரு பள்ளியின் வரலாற்றையும் பழைய படங்களையும் இலவசத் தளமொன்றில் ஏற்றினோம். மறைச்சொல்லை அறிந்த இளம் ஆசிரியர் மாறுதலாகிச் சென்றார். அதனை எழுதி வாங்கத் தலைமையாசிரியனாகிய யான் தவறினேன். பின்னர் அத்தளமும் மூடப்பட்டது. மூலப்படங்களையோ உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்திருந்தோம். மீண்டும் வீடுவீடாகச் சென்று தேடியதில் பதினொரு படங்களே கிடைத்தன. அப்படங்களில் இருந்த லயங்களும் இன்று இல்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் போலக் கணக்குப் பதிவேடு ஒன்றும் பள்ளிதோறும் வேண்டும். எத்தளத்தில் கணக்கு உள்ளது, பொறுப்பாளர் யார், அவருக்கு அடுத்தவர் யார், படி எங்கே இருக்கின்றது என்னும் நான்கும் அதில் இருத்தல் வேண்டும். மறைச்சொல்லை அவ்வேட்டில் எழுதாது, முத்திரையிட்ட உறையில் இட்டு இரும்புப் பெட்டியில் வைக்கலாம். மாறுதல் பெறுவோர் திறவுகோலை ஒப்படைப்பது போலக் கணக்கையும் ஒப்படைத்தல் முறை.

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் 1917-இல் எண்ணெய்ப்பனை முதன்முதலாக வணிகமுறையில் பயிரிடப்பெற்ற தோட்டத்தின் பெயர் ‘தென்னமரம்’. ஏட்டில் ஏறிய அத்தமிழ்ப் பெயர் நூறாண்டு கடந்தும் நிற்கின்றது. ஏறாத பெயர்கள் எத்தனையோ! நம் பள்ளிகளின் கதையும் அவ்வரிசையில் சேராமல் காப்பது நம் கடமை.