லெட்சுமணன் காத்த காணி யாருடையது?

ஒவ்வொரு வருஷமும் மே 11 வந்தால் சிவனு லெட்சுமணனின் படம் நம்ம பேஸ்புக் பக்கங்களில் ஏறிவிடும். "மண் காத்த தியாகி" என்று எழுதிப் பகிர்வோம். அடுத்த நாள் வேறு வேலை. இந்த முறை எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. அவர் காத்த அந்த மண் இப்போ யாருகிட்ட இருக்கு? பதிலைத் தேடிப் போனால் 1840 வரைக்கும் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1840-இல் பிரித்தானியர் முடிக்குரிய காணிகள் பற்றி ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். காடு, சேனை, பயிரிடாத நிலம் எதுவாக இருந்தாலும், தன்னுடையது என்று ஒருவர் நிரூபிக்காவிட்டால் அது முடிக்குச் சொந்தம் என்பதுதான் அதன் சாரம். அப்படி எடுத்த நிலம் கோப்பித் தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. கண்டிச் சிங்களக் கிராமங்கள் இதனால் எவ்வளவு இழந்தன என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த இழப்பின் கோபம் பின்னாளில் வெள்ளைக்காரத் தொரைமார் மேல் மட்டும் திரும்பவில்லை. அந்த நிலத்தில் கூலிக்கு நின்ற நம்ம ஆட்கள் மேலும் திரும்பியது.

1935-இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. காணியில்லாத விவசாயிக்கு அரச காணியைப் பேர்மிட்டில் கொடுக்கும் சட்டம். நல்ல நோக்கம்தான். ஆனால் 'விவசாயி' என்ற அந்தச் சொல்லுக்குள் இந்திய வம்சாவளித் தோட்ட மக்கள் வரவில்லை. காலையில் கொழுந்து பறித்துவிட்டுப் பின்னேரம் லயத்துக்குப் பின்னால் கோவா நட்டாலும் அவர் 'தொழிலாளி' மட்டும்தான். இந்த வித்தியாசம் எப்படி வேலை செய்யும் என்பது 1946-இல் கேகாலை மாவட்டத்தின் உருளவள்ளியில் தெரிந்தது. கிராம விஸ்தரிப்புக்காக அரசு தோட்டத்தை எடுத்தது. அங்கேயே வாழ்ந்த தொழிலாளர்களை வெளியே போகச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை. அத்துமீறி இருப்பதாக வழக்கு வந்தது. அதை எதிர்த்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. இரண்டு வருஷத்தில், 1948-இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாடே இல்லை என்று ஆக்கப்பட்டவர் காணி கேட்க எங்கே போவார்?

அடுத்த திருப்பம் 1972. காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. வயலென்றால் 25 ஏக்கர். 1975-இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமை ஆயின. படிக்கிற காலத்தில் இதை முற்போக்கான சட்டம் என்று பரீட்சைக்கு எழுதினோம். அதே சட்டத்தால் தோட்டத்தில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கண்டி மாவட்டத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வேலை போனது, 1973, 74-இல் பட்டினிச் சாவுகள் நடந்தன. கம்பளை, நாவலப்பிட்டி டவுன்களில் தோட்டக் குடும்பங்கள் கையேந்தி நின்றதை எங்க வீட்டுப் பெரியவங்க இன்றைக்கும் சொல்வாங்க.

இந்தப் பின்னணியில்தான் 1977 மே மாதம் வருகிறது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்க அரசு திட்டமிட்டது. காணி பெற இருந்தவர்கள் வெளிக் கிராமத்தவர்கள். அவர்களுடைய காணிப் பசியும் உண்மைதான், அதை மறுக்க மாட்டோம். ஆனால் அந்த மலையிலேயே தலைமுறையாக வாழ்ந்தவருக்குப் பங்கு இல்லை என்பதை எப்படி ஏற்பது? டெவன் தோட்டத்தில் தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். பொலிஸ் சுட்டது. மே 11 அன்று லெட்சுமணன் இறந்தார். ஜூலைத் தேர்தலில் அந்த ஆட்சி தோற்றது. நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்று பாராளுமன்றம் போனார். டெவன் காணி துண்டாடப்படவில்லை.

அப்போ லெட்சுமணனும் கூட நின்றவர்களும் வென்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது வெளியேற்றப்படாமல் இருப்பது மட்டும். காணி அரசாங்கத்திடமே இருந்தது. 1992-இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குக் கைமாறியது. 53 வருஷக் குத்தகை, 2045 வரைக்கும். காணி அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது. லயத்தில் இருக்கிறவருக்கு ஒரு காம்பரா கூட்டிக் கட்டுவதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்.

2015-க்குப் பிறகு 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற திட்டம் வேகம் பெற்றது. உறுதிப் பத்திரம் கையில் வந்த குடும்பத்துக்கு அது பெரிய விஷயம், குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் கணக்கைப் பாருங்க. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். 1972 சட்டம் தனியாளுக்கு விட்டுவைத்த 50 ஏக்கர் 8,000 பேர்ச். தோட்டத் தொழிலாளிக்கு 7. அதில் வீடு கட்டினால் மிஞ்சுவது முற்றம்தான், மரக்கறி போட இடமில்லை.

மரக்கறி ஏன் முக்கியம்? தோட்டத்தில் வேலைநாள் குறையக் குறைய, லயத்தைச் சுற்றியுள்ள துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு போட்டுத்தான் பல குடும்பங்கள் சமாளிக்கின்றன. அந்தத் துண்டுக்குக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாமல் அதை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுக்க முடியாது. மழை அடித்துக்கொண்டு போனால் இழப்பை எந்தப் பெயரில் கேட்பது?

இப்போ டவுன்களும் வளர்கின்றன. அட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே தேயிலை மலை. டவுன் பெருக வேண்டுமென்றால் தோட்டக் காணிக்குள்தான் பெருக வேண்டும். கடைத்தொகுதி, ஹோட்டல், வீதி எது வந்தாலும் பேச்சு அரசுக்கும் கம்பெனிக்கும் இடையில் நடக்கும். 40 வருஷமாக அங்கே கிழங்கு போட்டவருக்கு அந்த மேசையில் கதிரை இல்லை. உருளவள்ளியில் அத்துமீறியவர் என்று ஒரு சொல் இருந்ததே, அது எந்த நேரமும் திரும்பி வரலாம்.

அதனால் எங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த மே 11-க்கு முன்னால், உங்க தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் யார் என்ன பயிரிடுறாங்க, எத்தனை வருஷமா, கையில் ஏதாவது துண்டுச் சீட்டு இருக்கா என்று கேட்டு எழுதி வையுங்க. 2045-இல் குத்தகை முடியும்போது காணி யாருக்கு என்ற பேச்சு கட்டாயம் வரும். அன்றைக்கு நம்ம கையில் லெட்சுமணனின் படம் மட்டும் இருந்தால் போதாது.