பெயர்ப்பலகையும் பந்தியும்: ஐயப்பன்தாங்கலிலிருந்து சில குறிப்புகள்

‘பக்கத்துல நல்ல சாப்பாட்டுக் கடை எதுங்க?’ புதிதாகக் குடிவந்தவன் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இதிலுள்ள ‘நல்ல’ என்ற அடைமொழி நாக்கு சம்பந்தப்பட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ருசி, விலை, சுத்தம் இவற்றைக் கடந்து அதற்கொரு அர்த்தம் இருப்பதாக யோசிப்பதில்லை. ஆனால் தமிழகத்தில் ஓட்டல் என்றொரு நிறுவனம் உருவான நாள்தொட்டே யார் சமைத்தது, யார் பரிமாறியது, பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பது யார் என்ற மூன்று கேள்விகளையும் இந்தச் சொல் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. ஐயப்பன்தாங்கலுக்குக் குடிவந்த புதிதில், வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் நிலை வரும்வரை கடைகடையாகச் சாப்பிட்டுத் திரிந்தேன். அப்போது நான் அதிகமும் வாசித்தது பெயர்ப்பலகைகளைத்தான். இக்குறிப்புகள் அந்த வாசிப்பிலிருந்து எழுந்தவை.

தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களில் ‘தாங்கல்’ என்பது சிற்றேரியைக் குறிக்கும். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் வரிசையில் ஐயப்பன்தாங்கலும் ஒன்று. நீரைத் தாங்கி நெல்லை விளைவித்த ஊர் என்பதைப் பெயர் மட்டுமே இன்று சொல்கிறது. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், போரூர் தாண்டியதும் வரும் இடம். இரு முனைகளிலும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த சாலை இது. 1985இல் போரூரில் ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி வந்தது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. பிறகு கணினி நிறுவனங்கள், இப்போது மெட்ரோ தூண்கள். 2011இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது போரூர் உள்ளே போயிற்று. ஐயப்பன்தாங்கல் வெளியே நின்றுவிட்டது. எல்லைக்கோடு எங்கோ கோப்பில் இருக்கிற விஷயம் என்று தோன்றலாம். ஆனால் 2013 பிப்ரவரியில் ஒரு ரூபாய் இட்லியோடு தொடங்கிய அம்மா உணவகம் மாநகராட்சி வார்டுக் கணக்கில் தொடங்கிய திட்டம். மலிவான இட்லி எங்கே கிடைக்கும் என்பதைத் தொடக்கத்தில் அந்தக் கோடுதான் தீர்மானித்தது.

1

இதே தொண்டை நாட்டில், காஞ்சிக்குப் போகிற வழியில் எங்கெங்கே என்னென்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்கிற ஒரு பழைய பிரதி நம்மிடம் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை. எம்.ஏ. வகுப்பில் அதைத் தொண்டைமான் இளந்திரையனின் புகழ்பாடும் நூலாகவே நமக்குக் கற்பித்தார்கள். சாப்பாட்டு வழிகாட்டியாக அதை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. பசித்த பாணன் ஒருவனிடம் வழியைச் சொல்லும்போது, எயினர் குடியிருப்பில் என்ன தருவார்கள், இடையர் வீட்டில் பாலோடு எது கிடைக்கும், உழவர் வீட்டில் வெள்ளைச் சோற்றுக்கு எந்தக் கறி, அந்தணர் மனையில் மாதுளங்காயை வெண்ணெயில் எப்படிப் பக்குவப்படுத்துவார்கள், வலையர் குடியில் கள்ளுக்குத் தொட்டுக்கொள்ள என்ன மீன் என்று வரிசையாகப் போகிறது பாட்டு.

இரண்டு செய்திகள் இதில் கவனிக்கத்தக்கவை. ஒன்று, உணவு ஏற்கனவே குடி சார்ந்து பிரிந்துதான் கிடக்கிறது. சங்ககாலத்தைச் சமத்துவப் பொற்காலமாகக் காட்டுகிறவர்களுக்கு இந்தப் பட்டியல் உதவாது. இரண்டு, சாப்பிடுகிற பாணன் பிரிந்து கிடக்கவில்லை. உடும்புக் கறி தின்ற வாயோடு அந்தணர் வீட்டுக்கும் போகிறான். அங்கிருந்து வலையர் குடிக்கும் போகிறான். ‘நீ யார்’ என்று அவனை யாரும் கேட்டதாகப் பாட்டில் இல்லை. இங்கெல்லாம் சோறு கொடுக்கப்படுகிறது, விற்கப்படவில்லை.

சோற்றை விற்பது பாவம் என்ற எண்ணம் நம் ஊர்களில் வெகுகாலம் இருந்தது. பயணிக்குச் சத்திரம் இருந்தது. ஆனால் சத்திரத்தின் தர்மம் சாதி பார்த்து இலை போட்டது. காசு கொடுத்தால் யாருக்கும் சோறு என்ற ஓட்டலின் தர்க்கம், கோட்பாட்டளவில், சத்திரத்தைவிட ஜனநாயகமானது. சந்தைக்குச் சாதி தெரியாது என்பார்கள். அந்த வாக்கியம் தமிழகத்தில் எப்படிப் பொய்த்தது என்பதுதான் ஓட்டலின் வரலாறு.

2

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த காபி கிளப்புகள் தங்களைப் ‘பிராமணாள்’ என்று பலகையில் எழுதிக்கொண்டன. சமைப்பவர் யார் என்பதை அறிவிக்கும் சொல் என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அறிவிப்பு என்றால் யாருக்கு? காபியும் டீயும் தமிழ்ச் சமூகத்தில் எப்படி வர்க்க, சாதி அடையாளங்களாயின என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரையில் விரிவாகவே எழுதியிருக்கிறார். நான் சொல்ல வருவது பலகையைப் பற்றி. பொது இடத்தில் பணம் வாங்கிக்கொண்டு சோறு போடும் ஒருவர் தன் சாதியைத் தகுதிச் சான்றிதழாக மாட்டிவைக்கும்போது, பிறர் சமைத்தால் அது கீழ்த்தரம் என்ற வாக்கியம் எழுதப்படாமலே எழுதப்பட்டுவிடுகிறது.

பந்தி தமிழகத்தில் அரசியலானதற்குச் சேரன்மாதேவி குருகுலம் (1924-25) முக்கியமான கணம். பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்ற ஒரே விஷயம் காங்கிரசையே உலுக்கியது. வ.வே.சு. ஐயர் ஒரு பக்கம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் மறுபக்கம். தேசத்தின் விடுதலையைப் பேசியவர்கள் இரண்டு பையன்களின் இலையை எங்கே போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் திணறினார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணர்’, ‘இதராள்’ என்று இருந்த பிரிவினை 1941இல்தான் ஒழிந்தது. ஒரே ரயிலில், ஒரே வகுப்புக்கு ஒரே கட்டணம் கொடுத்துப் போகிறவர்கள் இறங்கிச் சாப்பிடும்போது மட்டும் இரண்டாகப் பிரிந்தார்கள். நவீனம் இங்கே தண்டவாளத்தில் வந்தது, சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் பதினைந்தாம் பிரிவில் கடைகள், உணவு விடுதிகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, சாதியின் பெயரால் அங்கே யாரையும் தடுக்கக் கூடாது என்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. உள்ளே விட்டாயிற்று, பலகை அப்படியே இருந்தது. 1957இல் பெரியார் பெயர்ப்பலகைகளிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துக் கிளர்ச்சி அறிவித்தார். திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. தொண்டர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். கடைசியில் சொல் போயிற்று. ‘ஒரு சொல்லுக்கா இவ்வளவு?’ என்று அன்றும் கேட்டார்கள். 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஓர் ஓட்டல் அதே சொல்லை மறுபடி மாட்டி, அதற்கும் போராட்டம் நடந்தபோது இன்றும் கேட்டார்கள். சொல்லுக்கு அவ்வளவு பலம் இல்லையென்றால் அதை மாட்டுவதற்கு ஏன் இவ்வளவு ஆசை?

இதற்கிடையில் உடுப்பிக்காரர்கள் வந்ததையும் சொல்லியாக வேண்டும். ஓட்டலில் மாவரைக்கும் வேலையிலிருந்து தொடங்கிய கே. கிருஷ்ணராவ் 1920களின் பிற்பகுதியில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீகிருஷ்ண விலாசையும், 1938இல் உட்லண்ட்ஸையும் தொடங்கினார். இந்த வகை ஓட்டல்கள் சென்னைக்குக் கொடுத்த சிற்றுண்டிப் பண்பாடு இன்றுவரை ‘நல்ல ஓட்டல்’ என்பதன் இலக்கணமாக இருக்கிறது. மசால் தோசையும் டிகிரி காபியும் பொது ருசியாக ஏற்கப்பட்டன. கறிக்குழம்புக்கு அந்தப் பொதுத்தன்மை கிடைக்கவில்லை.

3

கறி கிடைக்கும் கடைக்கு ‘மிலிட்டரி ஓட்டல்’ என்று பெயர். பட்டாளத்துக்காரன் தின்பதை நாமும் தின்கிறோம் என்ற பாவனை அதில் இருக்கிறது. கறி தின்னும் பெரும்பான்மை ஒரு சமூகத்தில் தன் சாப்பாட்டுக்கு அந்நியன் பெயரை வைத்துக்கொண்டது விசித்திரம். இந்தக் கூச்சத்தை உடைத்த பெயர் ‘முனியாண்டி விலாஸ்’. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டியிலிருந்து போன சுப்பா நாயுடு 1937இல் காரைக்குடியில் முதல் கடையைத் தொடங்கினார். அந்த ஊர்க்காரர்கள் நாடெங்கும் கடை வைத்தார்கள். ஆண்டுதோறும் ஊர்க்கோயிலில் கூடி, முனியாண்டி சாமிக்கு ஆட்டுக்கறி பிரியாணி படைத்து எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். கறி தின்னும் சாமியின் பெயரைப் பலகையில் எழுதியது பெயரளவிலாவது ஒரு எதிர்ச் சொல்லாடல்.

இங்கே ‘சைவம்’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். ஒரு சமயத்தின் பெயரை மரக்கறி உணவுக்குச் சூட்டியிருக்கிறோம். வைணவரும் சமணரும்கூட தமிழில் ‘சைவம்’ சாப்பிடுகிறார்கள். பெரிய புராணத்துக் கண்ணப்பரோ சிவனுக்குப் பன்றிக் கறியைச் சுவைபார்த்துப் படைத்தவர். இந்தச் சொற்கணக்கில் அவர் சைவர் ஆகமாட்டார். மேல்நிலைச் சாதி ஒழுக்கம் ஒன்று மொழிக்குள் இயல்பான பெயர்ச்சொல்லாகப் படிந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

‘பிராமணாள்’ இறங்கிய இடத்தில் ‘உயர்தர சைவ உணவகம்’ ஏறியது. 1981இல் கே.கே. நகரில் தொடங்கப்பட்ட சரவண பவன் நாடார் ஒருவருக்குச் சொந்தமானது. கோயில் நுழைவு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து வந்தவர் சைவ ஓட்டலை உலகச் சங்கிலியாக்கியது சிறிய விஷயமல்ல. சமையலறை மீதான பிறப்புரிமை அங்கே உடைந்தது. ஆனால் உடைந்தது உரிமையாளரின் சாதிதான். ‘உயர்தர’ என்ற அடைமொழி ‘சைவ’ என்ற சொல்லோடுதான் இயல்பாக ஒட்டுகிறது. ‘உயர்தர அசைவம்’ என்று பலகை எழுதுகிறவர் அபூர்வம். சாதிப்பெயர் போய், தரம் என்ற பெயரில் படிநிலை மிஞ்சியது. முரளி கபே போராட்டத்தின் வெற்றியும் அதன் எல்லையும் இந்த இரண்டு சொற்களில் இருக்கின்றன.

4

இனி ஐயப்பன்தாங்கல். பஸ் டிப்போவைச் சுற்றி, ஏரிக்கும் சாலைக்கும் நடுவே, மாலை ஆறு மணிக்கு மேல் தள்ளுவண்டிகள் வந்துவிடும். பரோட்டாக் கல்லின் டக்டக் சத்தம், வாசலிலேயே வைத்த பிரியாணி அண்டா, ஆந்திரா மெஸ்ஸில் பருப்புப் பொடி, சேட்டன் கடை டீ. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒடியாப் பையன், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக வந்த திருவண்ணாமலைக்காரம்மா, ஐ.டி. அட்டை கழுத்தில் தொங்கும் பெண் மூவரும் ஒரே வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். இவ்வகைக் கடைக்குச் சனங்கள் வைத்த பெயர் ‘கையேந்தி பவன்’. ‘பவன்’ என்ற கௌரவச் சொல்லையும், உட்கார இடமில்லாமல் தட்டைக் கையில் ஏந்துவதையும், ‘கையேந்துதல்’ என்பதன் பிச்சைப் பொருளையும் ஒன்றாக முடிந்த பகடி இது. ஓட்டல் வரலாற்றின் மீது எழுதப்பட்ட ஆகச் சிறந்த விமர்சனம் என்று இதைச் சொல்வேன். பந்தி இல்லாததால் இங்கே தனிப் பந்தியும் இல்லை. நான் சாப்பிட்டதில் நல்ல கடைகள் இவைதான், ருசிக்காகவும் சொல்கிறேன்.

இதை வைத்துப் புறநகர் சமத்துவமாகிவிட்டது என்று எழுதிவிட முடியாது. வீடு தேடியபோது தரகர் கேட்டார்: ‘சார், நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?’ ‘நீங்க என்ன ஆளுங்க’ என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிற இடத்தில் இந்தக் கேள்வி வந்து உட்கார்ந்திருக்கிறது. வாடகைப் பலகையில் ‘சைவம் மட்டும்’ என்று எழுதினால் எந்தச் சட்டப் பிரிவும் பாயாது. ‘நான்வெஜ்தான்’ என்றேன். இரண்டு தெரு தள்ளிக் காட்டினார்.

தெருவில் ஒன்றாக நிற்கும் சாப்பாடு வாசற்படியில் மறுபடி பிரிகிறது. 2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் சைவ உணவை மட்டும் கொண்டுபோக ஒரு தனிப்படையை அறிவித்து, அதற்குப் பச்சைச் சட்டையும் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே தனிச்சட்டையைக் கைவிட்டது. சிவப்புச் சட்டைக்காரர் அசைவத்தோடு இணைத்துப் பார்க்கப்பட்டுக் குடியிருப்புக்குள் தடுக்கப்படலாம், வாடிக்கையாளருக்கும் வீட்டுக்காரரோடு தகராறு வரலாம் என்று நிறுவனத்தின் தலைவரே காரணம் சொன்னார். சட்டை மாறவில்லை; உள்ளே பிரிவு தொடர்ந்தது. ரயில் நிலையத்தில் 1941இல் இறக்கிய பலகை கைபேசித் திரையில் ஒரு பொத்தானாக வந்திருக்கிறது.

அசைவத்துக்குள்ளும் படிநிலை உண்டு. பூந்தமல்லி வழியாகப் போகிற பெங்களூர் சாலையில் இருக்கிறது ஆம்பூர். 2022 மே மாதம் அங்கே மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றார்கள். அது பாரபட்சம் என்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் தலையிட்டது. திருவிழா தள்ளிவைக்கப்பட்டது, மழை என்று காரணம் சொல்லப்பட்டது. ஆம்பூரின் பெயரைச் சுமந்த அண்டாக்கள் புறநகரெங்கும் இருக்கின்றன. அந்த ஊரிலேயே ஒரு பகுதி மக்கள் தின்னும் பிரியாணிக்குப் பந்தியில் இடமில்லை. ‘இதராள்’ என்ற சொல் இறந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே ‘நல்ல சாப்பாட்டுக் கடை எது’ என்று ஐயப்பன்தாங்கலில் யாராவது கேட்டால் நான் சொல்லும் அளவுகோல் எளிமையானது. பலகையில் தன்னை யாரைவிடவும் உயர்ந்தது என்று எழுதாத கடை. எல்லாருக்கும் ஒரே தட்டு, ஒரே டம்ளர் வைக்கும் கடை. சமைத்தவர் பெயரைக் கேட்காமல் சாப்பிட்டு, சாப்பிடுகிறவர் பெயரைக் கேட்காமல் பரிமாறுகிற கடை. பெரும்பாணாற்றுப்படையின் பாணனுக்குக் கிடைத்தது இதுதான், விலை தவிர. அப்படிப்பட்ட கடைகள் இங்கே இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது.