ஹரீம்: ஒரு சொல்லின் கண்ணியம்

அரண்மனையில் பெண்கள் உறையும் பகுதியை நம் முன்னோர் ‘அந்தப்புரம்’ என்றனர். வடமொழியில் ‘உள்நகர்’ என்பது அதன் பொருள். நம் திருவண்ணாமலை ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் இருந்த காலத்தில் அரசவை மொழியாக விளங்கிய பாரசீகம் அதனை ‘ஜனானா’ என்றது. ‘ஜன்’ என்றால் பெண். அரபியிலோ அது ‘ஹரீம்’.

இச்சொல்லைக் கேட்டதும் பூட்டிய கதவும் காவலாளியும் பலரது நினைவுக்கு வருகின்றன. மன்னர்கள் சிலர் அதனைச் சிறையாக்கியதும் உண்மையே. ஆயினும், மக்காவின் புனித எல்லையைக் குறிக்கும் ‘ஹரம்’ பிறந்த அதே வேரில்தான் ‘ஹரீம்’ என்பதும் பிறந்தது. பிறர் அத்துமீறி நுழையக் கூடாத கண்ணியமான இடம் என்பதே அதன் கருத்து.

நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் ‘ஹுஜ்ரா’ எனப்பட்டன. திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தின் பெயர் ‘அல்ஹுஜுராத்’. அவ்வறைகளுக்கு வெளியே நின்று கூவி அழைத்தவர்களை அது கண்டிக்கிறது. 24ஆம் அத்தியாயமோ, ஸலாம் கூறி அனுமதி பெறாமல் பிறர் இல்லங்களில் நுழைவதைத் தடுக்கிறது.

அன்புச் சகோதரர்களே! நம் வீட்டில் மகளின் அறைக்குள் செல்லுமுன் நாம் கதவைத் தட்டுகிறோமா? அந்தக் கண்ணியத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.