தொடர்பு

'தொடர்' என்னும் வினையிலிருந்து பிறந்த 'தொடர்பு', திருக்குறளின் நட்பு அதிகாரத்தில் நட்பையே சுட்டுகிறது. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுத்தீனில் நடந்த, தப்லீக் ஜமாஅத் என்னும் இஸ்லாமியச் சமய இயக்கத்தின் கூட்டத்தை ஒட்டி நாளிதழ்களில் அச்சொல் ஏற்ற பொருளோ வேறு. கொரோனா தொற்றாளரின் அருகில் இருந்தவர் என்னும் மருத்துவப் பொருளில் வழங்கிய 'தொடர்பில் இருந்தவர்', விரைவிலேயே 'ஜமாஅத்துடன் தொடர்புடையவர்' என்றாகி, மருத்துவமனைச் சொல் காவல் நிலையத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒன்றுகூடுதல் என்னும் பொருளுள்ள அரபு வேரில் பிறந்த 'ஜமாஅத்', தமிழ்நாட்டில் பள்ளிவாசலைச் சார்ந்த ஊர்மக்களையும் அவர்தம் நிர்வாகத்தையும் குறிப்பதால், 'தப்லீக்' என்னும் அடைமொழி உதிர்ந்த தலைப்புகள் நிஜாமுத்தீன் பக்கமே போகாதவர்களையும் உள்ளே இழுத்தன. தமிழ்நாடு அரசின் அறிக்கைகள் பிற்பாடு 'சிங்கிள் சோர்ஸ்' (ஒற்றை மூலம்) என்று பெயரை மாற்றியது ஓரளவே உதவியது. ஒருவர் மீதான பழியை அவரோடு தொடர்புள்ளவர் மீதும் ஏற்றும் இவ்வழக்கத்தைச் 'சேர்க்கைக் குற்றம்' எனலாம் என்றால், சேர்க்கை அவரவர் விரும்பித் தேடுவது. குற்றம் ஒருவர் செய்வது, பழியோ பிறர் சுமத்துவது. எனவே 'ஒட்டுப்பழி' என்பதே பொருந்தும். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்ற வழக்கும் அதற்குத் துணைநிற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தப்லீக் வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்துசெய்த பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கருதியதோடு, ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தது.