மடியும் கட்டையா, மடியாக் கட்டையா?

திண்டுக்கல் மலைக்கோட்டையில் நீங்கள் ஏறியிருக்கக்கூடும். மைசூர் அரசின் பௌஜ்தாராக 1755-ல் இங்கு வந்த ஐதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் மேற்பார்வையில் ஒரு படைக்கலச் சாலையை அமைத்தார். சிக்கிமுக்கித் துப்பாக்கியும் அதன் முனையில் ஈட்டியும் தாங்கிய சிப்பாய்ப் படையைத் திரட்டிய முதல் இந்தியர் அவரே என்று கூறுவர்.

அந்தத் துப்பாக்கியின் பின்கட்டையை, அதாவது தோளில் பதியும் பகுதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். குழலைத் தாங்கும் மரமும் தோளில் பதியும் மரமும் ஒன்றே. ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்து கெட்டிக்க நேரமாகும். அதற்குள் எதிரி நெருங்கிவிட்டால் துப்பாக்கியே ஈட்டி. திருப்பிப் பிடித்தால் அதுவே தடி. அதை மடக்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிப்பாய்கள் சிரித்திருப்பார்கள்.

மடக்கும் தேவை வானத்திலிருந்து வந்தது எனலாம். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் வீரர்களுக்காக 1942-ல் அமெரிக்கர்கள் எம்1ஏ1 கார்பைனை ஏற்றனர். ஏறத்தாழ 90 செ.மீ. நீளமுள்ள அது, கம்பிச் சட்டத்தாலான பின்கட்டையை மடித்தால் 65 செ.மீ. ஆகிவிடும். ஆனால் விரித்த நிலையில் அதை இறுக்கும் தாழ் இல்லை. வில்லின் அழுத்தமே அதைப் பிடித்து நிறுத்தியது. கொண்டி சரியாக விழாத பூட்டு எத்தகையது என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கட்டை இம்மியளவு ஆடினாலும், நூறு மீட்டருக்கு அப்பால் குறி விலகிவிடும்.

பின்னுதைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். 9.3 கிராம் குண்டு நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்ந்தால், சுமார் நாலரைக் கிலோ துப்பாக்கி நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்திலாவது பின்னே வரும். வெடிவாயுவின் உந்தம் இதற்கு மேல். இவ்வளவையும் மடியும் கட்டையில் கீலும் தாழும் தாங்கியாக வேண்டும்.

நம் படையின் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி இத்தகையதுதான். 1.1 மீட்டருக்கு மேல் நீளம். அதை மடக்கினால் என்ன என்று கேட்கலாம். இயங்கு பாகங்களை முன்னே தள்ளும் சுருள்வில் பின்கட்டைக்குள்ளேயே இருந்தது! இதன் மூலமான பெல்ஜிய எப்.ஏ.எல். துப்பாக்கியில் மடியும் வகை செய்தபோது, அந்த வில்லை மேல்மூடிக்கு அடியில் இடம் மாற்ற வேண்டியிருந்தது. கட்டையை மட்டும் கழற்றி மாற்றும் காரியமல்ல அது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காப்புப் படையினர் பெரும்பாலும் இந்த நீளத் துப்பாக்கியுடனேயே புதர்க்காட்டில் நுழைந்தனர். எதிரே இருந்தவர்களிடம் குட்டையான ஏ.கே. ரகங்கள். ஏ.கே.யில் வில் உடற்பகுதிக்குள் இருப்பதால், 1949-லேயே மடியும் வகையும் எளிதாக வந்துவிட்டது.

பின்னர் வந்த இன்சாஸ் இவ்வகையில் ஏ.கே.யைப் பின்பற்றியது. குண்டின் எடையும் 4 கிராமே. ஆகவே உதைப்பு பாதிக்கும் குறைவு, கீலுக்குச் சுமையும் குறைவு. திண்டுக்கல்லிலிருந்து நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் (தொடக்கம் 1966) இன்சாஸ் இரு வகையாகவும் உருவாயிற்று.

எதைத் தேர்வது? வாகனத்திலும் விமானத்திலும் செல்பவனுக்கு மடியும் கட்டை என்பேன். இறங்கியதும் விரித்துத் தாழிடும் ஓரிரு நொடியை அவன் கொடுத்தே ஆகவேண்டும். காவல் அரணில் கிடந்து தொலைக்குறி பார்ப்பவனுக்கு, கன்னத்தைச் சாய்க்க இடமும் ஆடாத உறுதியும் தரும் மடியாக் கட்டையே மேல். இன்சாஸுக்குப் பின் அதே தொழிற்சாலை உருவாக்கிய திருச்சி அசால்ட் ரைபிளும் இரு வகையாகவே வெளிவந்தது.