நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: பெற்றோர் அறிய வேண்டியவை

பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடுத்த கேள்வி, மேலே என்ன படிக்க வைப்பது என்பதுதான். அப்போது 'ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர்' என்ற பெயரும் காதில் விழுகிறது. பணம் கட்டும் முன் அது என்னவென்று பார்த்துவிடுவோம்.

குழந்தை முதல் முதியவர் வரை ஒரு குடும்பத்தில் உள்ள அனைவரையும் பரிசோதித்து, நோயறிந்து, மருந்தும் எழுதித் தரும் அளவுக்கு மேற்படிப்பு படித்த நர்ஸ்தான் இவர். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நர்ஸ் லொரெட்டா ஃபோர்டும், குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவ வசதி எட்டாத குடும்பங்களே அவர்கள் கண்முன் இருந்தன.

இதன் தேவை கூடலூர்வாசிகளுக்குப் புரியும். இங்கிருந்து ஊட்டிக்குச் சுமார் 50 கி.மீ. மலைப்பாதை. 1990இல் தொடங்கிய கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, ஆதிவாசி இளம்பெண்களையே நர்ஸ்களாகப் பயிற்றுவித்தது. தம் மக்களின் மொழியும் வாழ்க்கையும் அறிந்தவர்கள் என்பதே அவர்களின் பலம்.

ஆனால் இந்தியாவில் அமெரிக்காவில் உள்ளதைப் போன்ற ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் பட்டமும் உரிமமும் நடைமுறைக்கு வரவில்லை. இங்கு உள்ளவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான எம்.எஸ்சி. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு, இரண்டு ஆண்டுகள். பி.எஸ்சி. நர்சிங்குடன் பணி அனுபவமும் தேவை. மற்றது, மகப்பேறு உதவிக்கான 18 மாதப் பயிற்சி.

அமெரிக்கா செல்ல நினைப்பவர்கள் முதலில் என்கிளெக்ஸ் தேர்வில் தேறி, அங்கே பதிவு பெற்ற நர்ஸ் ஆக வேண்டும். பிறகு அங்கீகாரம் பெற்ற முதுகலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு, தேசியச் சான்றிதழ் தேர்வு, மாநில உரிமம் என்று வரிசையாகக் கடக்க வேண்டும். இங்கு படித்த எம்.எஸ்சி. மட்டும் அதற்குப் போதாது.

ஆகவே, கல்லூரியில் சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் அனுமதி உண்டா? பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? படித்தபின் எந்த வேலைக்கு, எந்த நாட்டில் இது செல்லும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிள்ளையின் இரண்டு ஆண்டு உழைப்பும் குடும்பத்தின் சேமிப்பும் வெறும் பெயரை நம்பி வீணாகிவிடக் கூடாது.