கட்டுமானத் தாமதப் பகுப்பாய்வு

கட்டுமானத் தாமதப் பகுப்பாய்வு என்பது, ஒரு கட்டுமானத் திட்டம் குறித்த நாளில் முடியாதபோது, எந்த நிகழ்வு எத்தனை நாள் தாமதத்தை ஏற்படுத்தியது, அதற்கு யார் பொறுப்பு என்பவற்றைக் கணக்கிடும் முறைகளைக் குறிக்கும். தாமதத்துக்கு உரிமையாளர் காரணம் எனில் ஒப்பந்ததாரருக்குப் பொதுவாகக் கால நீட்டிப்பு கிடைக்கும். ஒப்பந்ததாரர் காரணம் எனில் அவர் ஒப்பந்தப்படி இழப்பீடு செலுத்த நேரிடும்.

அடிப்படை

இம்முறைகளுள் பல, முக்கியப் பாதை முறையைச் சார்ந்தவை. இதனை 1950களின் இறுதியில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கினர். ஒன்றையொன்று சார்ந்த பணித் தொடர்களுள் மிக நீண்டதே முக்கியப் பாதையாகும். அதிலுள்ள பணி ஒரு நாள் பிந்தினால் திட்டமும் ஒரு நாள் பிந்தும். பிற பணிகளுக்குச் சில உபரி நாட்கள் உண்டு. அவை தீரும்வரை அப்பணிகளின் தாமதம் முடிவு நாளைப் பாதிக்காது.

முக்கிய முறைகள்

* திட்டமிட்டதையும் நடந்ததையும் ஒப்பிடுதல்: இரு அட்டவணைகளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் காண்பது. எளிமையானது.
* திட்ட அட்டவணையில் தாமதத்தைச் சேர்த்தல்: தொடக்க அட்டவணையில் தாமத நிகழ்வைச் செருகி, முடிவு நாள் எவ்வளவு நகர்கிறது எனக் காண்பது.
* நடந்த அட்டவணையிலிருந்து தாமதத்தை நீக்குதல்: அந்நிகழ்வு இல்லாதிருந்தால் பணி எப்போது முடிந்திருக்கும் எனக் காண்பது.
* காலப் பகுதி முறை: திட்ட காலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அன்றைய முக்கியப் பாதையை ஆராய்வது.

எடுத்துக்காட்டு

அடித்தளம் 30 நாள், கட்டிட எழுப்பல் 40 நாள், பூச்சு வேலை 30 நாள் என 100 நாளில் முடியவேண்டிய ஒரு கட்டிடத்தைக் கொள்வோம். எழுப்பலுக்கான வரைபடங்களை உரிமையாளர் 30ஆம் நாளுக்குப் பதில் 40ஆம் நாள் தருகிறார். ஒப்பந்ததாரரின் இயந்திரம் பழுதானதால் அடித்தளமும் 36ஆம் நாளே முடிகிறது. கட்டிடம் 110ஆம் நாளில் நிறைவுறுகிறது.

சேர்த்தல் முறையில் வரைபடத் தாமதத்தைச் செருகினால் முடிவு நாள் 110 ஆகிறது. 10 நாளும் உரிமையாளரைச் சேரும். நீக்குதல் முறையில் அத்தாமதத்தை எடுத்துவிட்டால் 106ஆம் நாளில் பணி முடிந்திருக்கும். உரிமையாளர் பங்கு 4 நாள் மட்டுமே. காலப் பகுதி முறையோ, முதல் 6 நாட்களில் இரு தாமதங்களும் உடனிகழ்ந்தன, இறுதி 4 நாட்கள் உரிமையாளரால் மட்டும் நேர்ந்தன எனப் பிரித்துக் காட்டும்.

உடனிகழ் தாமதம்

இவ்வாறு உடனிகழும் தாமதத்தில், ஒப்பந்ததாரருக்கு முழுக் கால நீட்டிப்பும் உண்டு என்னும் நிலைப்பாடு இங்கிலாந்தின் மால்மெய்சன் வழக்குடன் (1999) தொடர்புபடுத்தப்படுகிறது. ஸ்காட்லாந்தின் சிட்டி இன் வழக்கில் (2007) தாமதத்தை இரு தரப்புக்கும் நியாயமாகப் பங்கிடலாம் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. 2010 இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது.

முறையைத் தேர்தல்

பிரித்தானியாவின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002 இல் வெளியிட்ட நெறிமுறை ஒரு குறிப்பிட்ட முறைக்கு முன்னுரிமை அளித்தது. 2017 இல் வந்த இரண்டாம் பதிப்பு, பணி முடிந்தபின் நடக்கும் ஆய்வுகளுக்கு அம்முன்னுரிமையைக் கைவிட்டு, ஒப்பந்த விதிகள், கிடைக்கும் பதிவேடுகள், பிணக்கின் மதிப்பு போன்றவற்றைக் கொண்டு முறையைத் தேருமாறு கூறுகிறது. எம்முறையாயினும் அதன் முடிவு, பணியிட நாட்குறிப்புகளும் புதுப்பித்த அட்டவணைகளும் எந்த அளவு நம்பத்தக்கவையோ அந்த அளவே நம்பத்தக்கது.